பதினாலாம் பாகம்

கமரா கல்யாணங்களுக்காக வாங்கியது,
கடன் இன்னும் ஒன்பது மாதம்.
மைக்கை ஒட்டடைத் தடியில் கட்டினேன்.
தடியைப் பிடித்த தம்பிக்குச் சம்பளம்
ஒரு கொத்துரொட்டி, முட்டை போட்டது.

போயா நாட்களில் கல்முனையில்
உதுமாலெவ்வை தையல் கடைக்குப்
பாதிக் கதவுதான் திறந்திருக்கும்.
உள்ளே நாலு பேர்
காணி வழக்குப் பேசுவதுபோல்
விண்வெளி பேசுவார்கள்.

'சனிக்கரை',
ஞாயிறு இரவு எட்டேகாலுக்கு வானொலியில் போன நாடகம்.
மொத்தம் இருபத்தாறு பாகம்.
கசட்டில் இருப்பது இருபத்தைந்து.
பதினாலு யாரிடமும் இல்லை.

பதின்மூன்றில் கப்டன்
இரண்டு கையாலும் சுக்கான் பிடிக்கிறான்.
பதினைந்தில் அவனுக்கு இடது கை இல்லை.
ஏனென்று ஒருவரும் சொல்வதில்லை,
கப்பலில் எல்லாருக்கும் தெரிந்த விசயம்போல.

அந்த ஒரு கைக்காக
முப்பது வருசத்துக்கு மேல் சண்டை.
தண்ணீர் மீற்றர் வாசிக்கும் தவசீலன்
மீற்றர் புத்தகத்தின் பின்தாள்களில்
கப்பலை வரைந்து வைத்திருக்கிறார்,
எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது வரை.
சோதனைச் சாவடியில் ஒருமுறை
இது எந்த முகாம் என்று கேட்டார்களாம்.
"சனிக்குப் போற கப்பல், சேர்."
"அங்க யார் இருக்கிற?"
அன்றிரவு முழுக்க யோசித்தாராம்.
இன்னும் சரியான பதில் வரவில்லை என்கிறார்.

பார்தலட் மட்டக்களப்பிலிருந்து பஸ்ஸில் வருவார்,
வெல்டிங் கண்ணாடி நெற்றியில் ஏற்றியபடி.
புவிதா ஆஸ்பத்திரி இரவு டியூட்டி முடித்துத்
தூங்காமல் வருவாள்.
கசட்டைக் காதோடு வைத்துக்
காயத்தின் வயதைச் சொல்வாள்:
"மூச்சு இப்பிடி இழுக்குதெண்டா
கையெடுத்து மூண்டு நாள்தான்."

இரண்டாம் நாள்
லேசான கேள்வியென்று நினைத்துத்தான் கேட்டேன்:
பதினாலு போன ஞாயிறு
நீங்க எல்லாரும் எங்க இருந்தீங்க?

உதுமாலெவ்வை தையல் மெசின் சக்கரத்தை
ஒரு சுற்றுச் சுற்றினார்.
நூல் கோக்காத ஊசி ஏறி இறங்கியது.
"ரேடியோ ஊட்டதான் இருந்திச்சு மகள்.
நாங்கதான் இல்ல."

புவிதாவுக்கு அப்போது எட்டு வயது.
தவசீலனுக்கு அப்போது ஓர் அண்ணன் இருந்தார்.

ஒவ்வொருவராகச் சொன்னார்கள்,
எதிரில் இருப்பவர் முகம் பாராமல்.
நான் கமராவைச்
சுவர்க் கடிகாரத்துக்குத் திருப்பிவிட்டேன்.
தம்பி தடியை இறக்கவில்லை.
அவன் கை நடுங்கியதும் சேர்ந்தே பதிந்திருக்கிறது.

கடைசியில் பார்தலட் செருமினார்.
"சண்டையில போன கை இல்லகா அது.
எஞ்சின் மூடிக்குள்ள விட்ட கை.
வெல்டிங்காரனிட்டக் கேளு."
உடனே நாலு பேரும் ஒரேயடியாகச் சத்தம்போட்டார்கள்.
தேத்தண்ணி வந்தது.

படம் முப்பத்தொரு நிமிடம்.
செலவு பதினெட்டாயிரத்து நானூறு,
கொத்துரொட்டிகள் உட்பட.
வெட்டாத வெள்ளைத் துணியைக்
குண்டூசி குத்தித் திரையாக்கினோம்.
பார்க்க வந்தது அதே நாலு பேர்,
தம்பி,
தவசீலனின் மீற்றர் புத்தகம்.

முடிந்தது. யாரும் கைதட்டவில்லை.
தவசீலன் குறிப்பைப் பார்த்து வாசித்தார்:
"கடிகாரத்தில நாலு மணி.
அடுத்த ஷொட்டில நாலு இருபது.
நடுவில இருபது நிமிசம் எங்க?"

அங்கே இருந்த மனிசன்தான் கேட்கிறார்.

கப்பல் நேரம் வேறு, கரை நேரம் வேறு
என்றாள் புவிதா.
வளையத்துக்குக் கிட்டப் போனால் கடிகாரம் பாயும்
என்றார் பார்தலட்.
பட்டரி பிழை, நான்தான் மாற்ற மறந்தேன்
என்றார் உதுமாலெவ்வை,
துணியின் ஓரத்தை நகத்தால் மடித்தபடி.
என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.
திரும்பப் போடச் சொன்னார்கள்.
மூன்று தரம் போட்டேன்.

அந்த இருபது நிமிடமும் கார்ட்டில் இருக்கிறது.
ஞாயிறு பாண்டிருப்பில் ஒரு கல்யாணம்.
யாரிடமாவது
வேறு கார்ட் இரவல் கேட்க வேண்டும்.